கடல் காணாத மண்ணின் கப்பல் அமைச்சர்

திருச்செங்கோட்டிலிருந்து எந்தத் திசையில் புறப்பட்டாலும், கடலைப் பார்ப்பதற்குச் சாலை வழியே இருநூறு கிலோமீட்டருக்கு மேல் செல்ல வேண்டும். எங்கள் பக்கம் வறண்ட பூமி. ஆழ்துளைக் கிணறு தோண்டித் தண்ணீர் தேடியவர்கள், பின்னர் அந்த ரிக் வண்டிகளையே தொழிலாக்கிக்கொண்டு வட மாநிலங்கள்வரை சென்றார்கள். நாமக்கல்லில் லாரியும் கோழிப்பண்ணையும், சேலத்தில் ஜவ்வரிசியும் வெள்ளிக் கொலுசும் என நிலத்தின்மீது நடக்கும் பிழைப்புகளே எங்களுக்குப் பழக்கம். கடற்கரையில் பிறந்தவர்களுக்குக் கடலிடம் இருக்கும் அச்சமும் பாசமும் எங்களிடம் இல்லை. நான் முதன்முதலில் கடலைக் கண்டது, கல்லூரியில் சேரச் சென்னைக்குப் போன பதினெட்டாம் வயதில்தான்.

ஆயினும், 2025 மே மாத இறுதியில் எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் இரண்டு நாள்கள் கடலைப் பற்றியே பேச்சாக இருந்தது. லைபீரிய நாட்டுக் கொடியுடன் விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குச் சென்றுகொண்டிருந்த எம்எஸ்சி எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் சாய்ந்து, மறுநாள் மூழ்கியது. கப்பலில் இருந்த 24 பேரும் உயிருடன் மீட்கப்பட்டனர். ஆனால் 640 சரக்குப் பெட்டகங்கள் கடலில் போயின. சில நாள்களில் பெட்டகங்கள் கேரளக் கரையில் ஒதுங்கின. பிளாஸ்டிக் குருணைகள் குமரிக் கடற்கரைவரை வந்து சேர்ந்தன.

கோழிப்பண்ணை வைத்திருக்கும் என் பங்காளி ஒருவர் நாளிதழை மடித்து வைத்துவிட்டு, கடலில் கப்பல் கவிழ்ந்தால் யாரைப் போய்க் கேட்பது என்று என்னிடம் வினவினார். அவர் கவலை நியாயமானது. நாமக்கல் முட்டை குளிரூட்டப்பட்ட பெட்டகங்களில் ஏறி, கப்பல் வழியாகத்தான் வளைகுடா நாடுகளுக்குப் போகிறது. நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஆள்களை மீட்டவை கடலோரக் காவல் படையும் கடற்படையும். கப்பலின் தகுதியைக் கேட்பது கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம். கரை ஒதுங்கிய பெட்டகத்துக்குச் சுங்கத் துறை. கடலில் கசியும் எண்ணெய்க்கு மீண்டும் கடலோரக் காவல் படை. அதே எண்ணெய் மணலில் ஏறிவிட்டால் மாநில அரசும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும். பட்டியல் முடிவதற்குள் அவர் பொறுமை இழந்துவிட்டார்.

இந்தக் கேள்விகளில் பெரும்பாலானவை ஒரு காலத்தில் ஒரே மனிதரின் மேசைக்குச் சென்றுகொண்டிருந்தன. அந்த மனிதர் நம் பக்கத்துக் குமாரமங்கலத்துக்காரர் என்று நான் சொன்னபோது பங்காளி நம்பவில்லை. அவருக்காகவே டாக்டர் ப. சுப்பராயனின் வாழ்க்கையை மறுபடியும் எடுத்துப் புரட்டினேன்.

குமாரமங்கலம் ஜமீனின் வாரிசாக 1889 செப்டம்பர் 11-ஆம் நாள் பிறந்தவர் பரமசிவ சுப்பராயன். அப்போது அது சேலம் மாவட்டம். நாமக்கல் தனி மாவட்டமானது 1997-இல்தான். ஜமீன் வாரிசுகளுக்கெனச் சென்னையில் இருந்த நியூயிங்டன் பள்ளியிலும், பின்னர் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். அதன்பின் இங்கிலாந்து சென்று ஆக்ஸ்போர்டின் வாதம் கல்லூரியில் சேர்ந்தார். அக்காலத்தில் அப்பயணம் கப்பலில்தான். சமவெளியில் பிறந்து வளர்ந்த இளைஞர் ஒருவர் வாரக்கணக்கில் நீரைத் தவிர வேறொன்றும் காணாமல் சென்றிருக்கிறார். பின்னாளில் கப்பல் துறை அவரிடம் வந்தபோது, கப்பலில் வாழ்வது எத்தகையது என்பதையேனும் அவர் அறிந்திருந்தார்.

அவர் மணந்துகொண்டது மங்களூரைச் சேர்ந்த ராதாபாயை. தாழ்த்தப்பட்டோர் கல்விக்காகப் பாடுபட்ட குத்முல் ரங்கராவின் மகள் அவர். சாதியும் மொழியும் கடந்த அத்திருமணம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அதுவும் கொங்கு நாட்டு ஜமீன் குடும்பத்தில் நடந்தது என்பதை இன்றைய செய்திகளைப் படிக்கும்போது எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது. ராதாபாய் சுப்பராயன் 1930-இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் பங்கேற்றார். மத்தியில் அன்றிருந்த மாநிலங்களவைக்கு 1938-இல் தேர்வான முதல் பெண் உறுப்பினரும் அவரே. கணவரின் பெயரால் மட்டும் அறியப்பட வேண்டியவர் அல்லர். அவரைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம்.

சுப்பராயனின் அரசியல் 1920-இல் சென்னை சட்டமன்ற மேலவையில் தொடங்கியது. 1926 தேர்தலில் சுயராஜ்யக் கட்சி அதிக இடங்களைப் பெற்றும், இரட்டை ஆட்சியில் பங்கேற்பதில்லை என்ற கொள்கையால் அமைச்சரவை அமைக்க மறுத்தது. நீதிக் கட்சிக்குப் போதிய இடங்கள் இல்லை. ஆளுநர் கோஷன் பிரபு, எந்தக் கட்சியையும் சேராத சுப்பராயனை அழைத்து முதல் மந்திரியாக்கினார். முப்பத்தேழு வயதில் அவருக்கு வாய்த்தது, தமக்கெனக் கட்சி இல்லாமல் பிறர் ஒத்துழைப்பை மட்டும் நம்பி நடத்த வேண்டிய அரசு.

அந்த ஒத்துழைப்பு எவ்வளவு மெல்லிய நூல் என்பது சைமன் குழு வருகையின்போது தெரிந்தது. குழுவைப் புறக்கணிப்பது குறித்து எழுந்த பிளவில், அவருடன் இருந்த அரங்கநாத முதலியாரும் ஆரோக்கியசாமி முதலியாரும் விலகினர். சுப்பராயன் நீதிக் கட்சியின் ஆதரவைப் பெற்று, முத்தையா முதலியாரையும் சேதுரத்தினம் ஐயரையும் சேர்த்துக்கொண்டு அரசைத் தொடர்ந்தார். நேற்று எதிர்த்தவர் இன்று துணை நிற்க, நேற்றைய துணைவர் எதிர்வரிசையில் அமர்ந்தனர். இதைச் சந்தர்ப்பவாதம் என்று ஏசியவர்கள் அன்றும் உண்டு. அந்தக் குறையை முற்றிலும் மறுக்கவும் இயலாது. ஆனால் அந்த மாற்றத்தின் பயனாகத்தான் முத்தையா முதலியாரின் வகுப்புவாரி உரிமை ஆணை செயலுக்கு வந்தது. முத்துலட்சுமி ரெட்டி மேலவையில் துணைத் தலைவராக இருந்து தேவதாசி முறைக்கு எதிராகப் போராடியதும் அந்த ஆண்டுகளில்தான்.

பதவி போன பிறகு, 1932-இல் தீண்டாமைக்கு எதிராகக் கோயில் நுழைவு மசோதாவைச் சென்னை மேலவையில் கொண்டுவர முனைந்தார். வைசிராய் அனுமதி மறுத்துவிட்டார். பின்னர் காங்கிரஸில் சேர்ந்து, ராஜாஜியின் 1937 அமைச்சரவையில் சட்டமும் கல்வியும் கவனித்தார். இடையே இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் தலைவராகவும் 1946 வரை இருந்தார். விடுதலை ஆண்டில் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் அமைச்சரவையில் உள்துறை அவரிடம் இருந்தது.

அந்த உள்துறைக் காலம் அவர் வீட்டுக்குள்ளேயே ஒரு சோதனை. மூத்த மகன் பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம் ராணுவ அதிகாரி. பின்னாளில் நாட்டின் தரைப்படைத் தளபதியானவர். இன்னொரு மகன் மோகன் குமாரமங்கலமும் மகள் பார்வதி கிருஷ்ணனும் பொதுவுடைமைக் கட்சியின் முன்னணியில் நின்றவர்கள். அரசு பொதுவுடைமையரைக் கைது செய்துகொண்டிருந்த நாள்களில் காவல் துறைக்குப் பொறுப்பான அமைச்சர் தந்தை. இவர்கள் உறவு முறியவில்லை. ஒருவர் கருத்தை ஒருவர் ஏற்காமலேயே ஒரே கூரையின்கீழ் இருக்க முடியும் என்பதைச் சுப்பராயன் அலுவலகத்தில் கற்றாரா, வீட்டில் கற்றாரா என்று சொல்வது கடினம்.

1949-இல் நேரு அவரை இந்தோனேசியாவுக்குத் தூதராக அனுப்பினார். இங்கிருந்துதான் கடல் அவர் வாழ்க்கைக்குள் வருகிறது. ஆயிரக்கணக்கான தீவுகளால் ஆன அந்த நாட்டுக்கு டச்சு அரசு இறையாண்மையை முறைப்படி ஒப்படைத்தது 1949 டிசம்பர் 27-இல். அடுத்த மாதமே, இந்தியாவின் முதல் குடியரசு நாள் விழாவுக்கு அதிபர் சுகர்னோ சிறப்பு விருந்தினராக தில்லி வந்தார். 1951 மார்ச்சில் இரு நாடுகளும் நட்புறவு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அது உருவான ஆண்டுகளில் ஜகார்த்தாவில் இந்தியாவின் முகமாக இருந்தவர் சுப்பராயன்.

வரைபடத்தில் தில்லியையும் ஜகார்த்தாவையும் பார்ப்பவருக்கு அவ்விரண்டும் தொலைதூர நாடுகள். நிக்கோபாரின் தென்முனையையும் சுமத்திராவின் வடமுனையையும் பார்ப்பவருக்கு அவை அண்டை வீடுகள். இடைவெளி 90 கடல் மைலுக்கும் குறைவு. மலாக்கா நீரிணையை நோக்கிச் செல்லும் உலகக் கப்பல்கள் அந்த இடைவெளியை ஒட்டித்தான் போகின்றன. ராஜேந்திர சோழனின் கப்பல்கள் சென்ற திசையும் அதுவே. நிலத்தில் நமக்குப் பாகிஸ்தானும் சீனாவும் அண்டை நாடுகள் என்று பள்ளியில் படித்த எனக்கு, இந்தோனேசியாவும் அண்டை நாடு என்பது வெகுநாள் கழித்தே உறைத்தது.

நாடு திரும்பியவர் மாநிலங்களவையில் சில ஆண்டுகள் இருந்தார். 1955-இல் அமைக்கப்பட்ட ஆட்சிமொழிக் குழுவில் உறுப்பினராகி, இந்தி குறித்த பெரும்பான்மைக் கருத்துக்கு எதிராக, வங்க அறிஞர் சுனிதி குமார் சாட்டர்ஜியைப் போலவே மாற்றுக் குறிப்பு எழுதினார். தமிழ்நாட்டில் அவரை நினைவில் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் அந்தக் குறிப்புக்காகவே நினைக்கிறார்கள். 1957-இல் திருச்செங்கோடு தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்வானார். 1959-இல், எழுபது வயதை எட்டும் நிலையில், நேருவின் அமைச்சரவையில் போக்குவரத்து, தகவல் தொடர்புத் துறை அவருக்கு அளிக்கப்பட்டது.

அன்றைய அந்த அமைச்சகத்தின் பரப்பை இன்று கற்பனை செய்வது எளிதன்று. ரயில்வே மட்டும் தனி. மற்றபடி நெடுஞ்சாலையும் கப்பலும், பெரிய துறைமுகங்களும் கலங்கரை விளக்கங்களும், அஞ்சலும் தந்தியும் தொலைபேசியும், விமானப் போக்குவரத்தும், வானிலை ஆய்வுத் துறையும் அதனுள் அடங்கின. அஞ்சலட்டை முதல் விமான நிலையம் வரை ஒரே அமைச்சர். இதைக் குவியல் என்று நிர்வாக வல்லுநர்கள் குறை சொல்லக்கூடும். ஆனால் கடலில் செல்பவனின் பக்கம் நின்று பார்த்தால் அந்தக் குவியலில் ஓர் ஒழுங்கு தெரியும்.

1960-இல் வங்கக் கடலில் ஒரு கப்பல் தத்தளிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கப்பலின் வானொலி அதிகாரி மோர்ஸ் குறியீட்டில் அபயக் குரல் எழுப்புவார். அதைக் கேட்கும் கரையோர வானொலி நிலையத்தை நடத்தியது அஞ்சல் தந்தித் துறை. புயல் எங்கே திரும்புகிறது என்று கணித்தது வானிலை ஆய்வுத் துறை. அந்தக் கணிப்பின்படி கூண்டு ஏற்றியது துறைமுகம். கப்பலுக்குத் திசை காட்டியது கலங்கரை விளக்கத் துறை. அது கடலில் செல்லத் தகுதியானதா என்று முன்கூட்டியே சோதித்துச் சான்று அளித்தது வணிகக் கப்பல் துறை. இந்த ஐந்தும் சுப்பராயனின் அமைச்சகத்துக்கு உட்பட்டவை.

புயல் கூண்டைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றப்பட்டது என்ற செய்தியைக் கேட்டே நாம் வளர்ந்தோம். சமவெளியில் இருந்த எங்களுக்கு அது நாளைக்குப் பள்ளி விடுமுறையா என்பதற்கான குறி மட்டுமே. உண்மையில் அது இரண்டு துறைகள் கைகோத்ததன் அடையாளம். கணித்தவர் ஒருவர், ஏற்றியவர் மற்றொருவர், கரையிலிருந்து கண்ணால் பார்த்துப் புரிந்துகொண்டவர் எழுத்தறியாத மீனவர். கம்பத்தில் தொங்கிய சில உருவங்களும் இரவில் சில விளக்குகளும் அந்த வேலையைச் செய்தன.

சுப்பராயன் பொறுப்பேற்ற காலம் உலகக் கடல் நிர்வாகத்துக்கும் ஒரு தொடக்க காலம். இன்று பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு எனப்படும் ஐக்கிய நாடுகளின் துணை அமைப்பு, தன் முதல் பேரவையை 1959 ஜனவரியில் லண்டனில் கூட்டியது. இந்தியா அந்த ஆண்டே உறுப்பு நாடானது. அந்த அமைப்பின் முதற்பெரும் பணி, 1960 மே, ஜூன் மாதங்களில் நடந்த கடலில் உயிர்ப்பாதுகாப்பு மாநாடு. டைட்டானிக் மூழ்கிய பின் 1914-இல் தொடங்கிய விதிகளை அம்மாநாடு புதுப்பித்தது. தன் கரையைக் கண்காணிப்பதும், கரையை ஒட்டிய கடலில் ஆபத்தில் சிக்கியவரை மீட்க ஏற்பாடு வைத்திருப்பதும் கரையோர அரசின் கடமை என்பது அவ்விதிகளில் ஒன்று.

உள்நாட்டில், 1958-இல் நிறைவேறிய வணிகக் கப்பல் சட்டம் பகுதி பகுதியாக நடைமுறைக்கு வந்ததும் அந்த ஆண்டுகளில்தான். அச்சட்டத்தின் இடத்தில் 2025-இல்தான் புதிய சட்டம் வந்திருக்கிறது. கிழக்குக் கப்பல் கழகமும் மேற்குக் கப்பல் கழகமும் 1961 அக்டோபர் 2-ஆம் நாள் இணைந்து இந்தியக் கப்பல் கழகமாயின. ஒரே வேலையைச் செய்த இரண்டு அரசு நிறுவனங்களை ஒன்றாக்கியது அந்த அமைச்சகத்தின் காலத்தில் நடந்த நல்ல காரியம் என்பேன்.

ஆனால் குறை ஒன்று இருந்தது. அதை மறைத்தால் இது வெறும் புகழுரையாகிவிடும். 1961 ஏப்ரல் 8-ஆம் நாள் அதிகாலை, பம்பாய்க்கும் பாரசீக வளைகுடாவுக்கும் இடையே மக்களை ஏற்றிச் சென்றுவந்த தாரா என்ற பிரிட்டிஷ் கப்பல் துபாய்க்கு அருகே வெடித்துத் தீப்பற்றியது. எண்ணூறுக்கும் மேற்பட்டோர் இருந்த அக்கப்பலில் 238 பேர் இறந்தனர். இந்தியர் பலர் அதில் பயணம் செய்தனர். உதவிக்கு வந்தவை அருகில் சென்ற கப்பல்களும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களும். அதே விபத்து நம் கரைக்கு அருகில் நடந்திருந்தால் அனுப்புவதற்கு நம்மிடம் என்ன இருந்தது? செய்தியைக் கேட்கும் காது ஒரே அமைச்சகத்தில் இருந்தது. விரைந்து செல்லும் படகு அந்த அமைச்சகத்தில் இல்லை. கடற்படையை வேண்டிக்கொள்வதே வழி. கடற்படைக்கோ போர்தான் முதல் வேலை.

சுப்பராயன் அந்த இடைவெளி நிரப்பப்படுவதைக் காணவில்லை. 1962 ஏப்ரலில் மகாராஷ்டிரத்தின் ஆளுநரானார். பம்பாயில் கடலைப் பார்த்த மாளிகையில் ஆறு மாதங்கள்கூட இருக்கவில்லை. அதே ஆண்டு அக்டோபர் 6-ஆம் நாள், தம் எழுபத்து மூன்றாம் வயதில் காலமானார். இரண்டு வாரங்களில் சீனப் போர் மூண்டது. நாட்டின் கவனம் மலைக்குச் சென்றுவிட்டது. கடல் மேலும் பல ஆண்டுகள் காத்திருந்தது.

கள்ளக்கடத்தல் பெருகி, ருஸ்தம்ஜி தலைமையிலான குழு 1974-இல் பரிந்துரைத்த பிறகே தனிக் கடலோரப் படை என்ற எண்ணம் உருப்பெற்றது. 1977 பிப்ரவரியில் இடைக்கால அமைப்பாகவும், 1978 ஆகஸ்டில் சட்டப்படியும் இந்தியக் கடலோரக் காவல் படை பிறந்தது. கடற்படை கொடுத்த இரண்டு பழைய போர்க்கப்பல்களும் ஐந்து ரோந்துப் படகுகளும்தான் தொடக்கச் சொத்து. இன்று கப்பல்களும் படகுகளுமாக ஏறத்தாழ நூற்றைம்பது கலங்கள் உள்ளன. சுப்பராயன் காலத்தில் இல்லாத படகு வந்துவிட்டது. ஆனால் படகு வருவதற்குள் காது பல வீடுகளுக்குப் பிரிந்து போயிருந்தது.

வானிலை இப்போது புவி அறிவியல் அமைச்சகத்தில் இருக்கிறது. துறைமுகமும் கப்பலும் வேறோர் அமைச்சகம், மீன்வளம் இன்னொன்று. சுங்கம் நிதியிடம், கடலோரக் காவல் படை பாதுகாப்பிடம், கரையோரக் காவல் நிலையங்கள் மாநிலக் காவல் துறையிடம். துறைகள் வளரும்போது பிரிவது இயல்புதான். ஒரே அமைச்சர் தபால்தலையையும் கடற்கொள்ளையையும் ஒருசேரக் கவனித்த காலத்துக்குத் திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பிரிந்தவற்றைத் தைக்கும் ஊசி எங்கே என்பதுதான் கேள்வி.

தைக்கப்பட்டபோது என்ன நடக்கும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி போதும். 1999 அக்டோபரில், சுப்பராயன் தூதராக இருந்த அதே இந்தோனேசியாவின் சுமத்திராத் துறைமுகம் ஒன்றிலிருந்து அலோண்ட்ரா ரெயின்போ என்ற ஜப்பானியருக்குச் சொந்தமான கப்பல் அலுமினியக் கட்டிகளுடன் புறப்பட்டது. கொள்ளையர் ஏறிக் கப்பலைக் கைப்பற்றி, மாலுமிகள் பதினேழு பேரையும் மிதவையில் இறக்கிவிட்டனர். நாள்கணக்கில் மிதந்த அவர்களைத் தாய்லாந்து மீன்பிடிப் படகு ஒன்று காப்பாற்றியது. கோலாலம்பூரிலிருந்த கடற்கொள்ளைத் தகவல் மையம் எல்லாக் கப்பல்களுக்கும் செய்தி பரப்பியது. பெயரும் நிறமும் மாற்றப்பட்டு அரபிக் கடலில் ஓடிய கப்பலை ஒரு வணிகக் கப்பல் அடையாளம் கண்டு சொல்ல, நம் கடலோரக் காவல் படையின் விமானமும் தாராபாய் கப்பலும் துரத்தின. கடற்படையின் பிரஹார் சேர்ந்துகொண்டது. நவம்பர் 16-இல் கப்பல் பிடிபட்டது. ஐந்தாறு நாட்டவர் ஒருவரையொருவர் பாராமலே சேர்ந்து செய்த வேலை அது.

அதன் மறுபாதி நம் நாட்டுக்குப் பெருமை தருவதன்று. பிடிபட்டவர்களுக்கு 2003-இல் மும்பையில் தண்டனை கிடைத்தது. 2005-இல் மேல்முறையீட்டில் விடுதலையானார்கள். கடற்கொள்ளைக்கெனத் தனிச் சட்டம் அன்று நம்மிடம் இல்லை. அது நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2022 டிசம்பரில். கடலில் கைகோத்தவர்கள் கரையில் சட்டத்துக்காக இருபத்து மூன்று ஆண்டுகள் காத்திருந்தார்கள்.

தையல் விட்டுப்போன இடங்கள் நமக்கு இன்னும் அருகில் உள்ளன. 2017 ஜனவரி 28-ஆம் நாள் எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபோது, முதல் நாள்களில் கசிவின் அளவே சரியாகச் சொல்லப்படவில்லை. துறைமுக எல்லைக்குள் ஒருவர் பொறுப்பு, திறந்த கடலில் மற்றொருவர், கரையில் வேறொருவர் என்று தேசியத் திட்டம் தாளில் தெளிவாகவே இருந்தது. கடைசியில் மாணவர்களும் மீனவர்களும் வாளியால் எண்ணெய்க் கசடை அள்ளினார்கள். அதே ஆண்டு நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் குமரிமுனையருகே சில மணி நேரத்தில் வலுவடைந்தது. பல நாள்களுக்கு முன்பே ஆழ்கடலுக்குச் சென்றிருந்த மீனவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. அவர்கள் இருந்த தொலைவிலிருந்து கூண்டு தெரியாது, கைப்பேசி எட்டாது, குறுகிய தூர வானொலியும் எட்டாது. கணிப்பு இருந்தது, கப்பல்கள் இருந்தன, விமானங்கள் இருந்தன. இவற்றுக்கும் நடுக்கடலில் நின்ற படகுக்கும் இடையே கம்பி இல்லை. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் அதற்கு விலை கொடுத்தன.

பின்னர் செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கை பெறும் கருவிகள் படகுகளில் பொருத்தப்பட்டு வருகின்றன. 2022-இல் தேசியக் கடல்சார் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் என்ற பதவியும் உருவாக்கப்பட்டது. கடலோரக் காவல் படையின் தலைமை இயக்குநர் தலைமையில் தேடல், மீட்பு வாரியம் எல்லாத் துறைகளையும் ஒரே மேசையில் அமர்த்துகிறது. எல்சா கப்பலில் உயிர்ச்சேதம் இல்லாததற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம். முதல் நாளே கடலோரக் காவல் படை 21 பேரை மீட்டது. மறுநாள் காலை எஞ்சிய மூவரைக் கடற்படையின் சுஜாதா ஏற்றிக்கொண்டது.

இந்தோனேசியாவோடும் கயிறு அறுபடவில்லை. இரு நாட்டுக் கடற்படைகளும் 2002 முதல் எல்லைக் கடலில் ஒருங்கிணைந்து ரோந்து செல்கின்றன. நம் கடலோரக் காவல் படைக்கும் அந்நாட்டின் கடல் பாதுகாப்பு அமைப்பான பகம்லாவுக்கும் 2020-இல் ஏற்பட்ட புரிந்துணர்வு ஒப்பந்தம் 2025 ஜனவரியில் புதுப்பிக்கப்பட்டது. அதிபர் பிரபோவோ குடியரசு நாள் விழாவுக்கு விருந்தினராக வந்திருந்த நேரம் அது. சுகர்னோ வந்து சரியாக எழுபத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

சென்ற ஆண்டு குமரி மாவட்டத்துக் கடற்கரை ஊர் ஒன்றுக்குப் போயிருந்தேன். மீன் ஏலக்கூடத்தின் சுவரில் இரண்டு எண்கள் எழுதப்பட்டிருந்தன. கடலோரக் காவல் படைக்கு 1554. மாநிலக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. எதை அழைப்பீர்கள் என்று வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன். முதலில் பக்கத்துப் படகுக்காரனை அழைப்போம் என்றும், பிறகு கரையிலிருக்கும் மகனை அழைத்து அவன் இரண்டு எண்ணுக்கும் சொல்வான் என்றும் விளக்கினார். ஊர் திரும்பியதும் இதைப் பங்காளியிடம் சொன்னேன். குமாரமங்கலத்துக்காரர் இருந்திருந்தால் எந்த எண் கொடுத்திருப்பார் என்று அவர் கேட்டார். அவர் காலத்தில் எண் ஒன்றாக இருந்திருக்கும், படகு இருந்திருக்காது என்றேன். பங்காளி சற்று யோசித்துவிட்டு, தூத்துக்குடிக்குப் போன தம் முட்டை லாரி துறைமுகம் சேர்ந்துவிட்டதா என்று ஓட்டுநரை அழைத்துக் கேட்டார்.